நாலு நாற்பது கம்பம் வண்டி

பத்தே கால் வண்டி பத்து இருபத்தேழுக்குத்தான் வந்து நின்றது. வடகரைப்பாளையத்தில் இறங்கியதும் கண்ணுச்சாமி முதலில் பார்த்தது ஆற்றையோ மலையையோ அல்ல, கைக்கடிகாரத்தை. பன்னிரண்டு நிமிஷம் தாமதம். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷமாகத் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பராக உட்கார்ந்து, நேரம் எழுதி, விசில் ஊதி, கண்டக்டர்களோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் கழிந்தவன். இதே வண்டி அவன் ஸ்டாண்டுக்கு இந்த லட்சணத்தில் வந்திருந்தால் கண்டக்டரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பான். இங்கே யாருக்கும் கவலை இல்லை. ஊரே பழம் விற்றுக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் கருத்த குலைகளைத் தூக்கிக் காட்டி, பன்னீர்ப் பழம்ணே, இப்பப் பறிச்சது, ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க என்று ஓடிவந்தார்கள். வெளியூர்க்காரர்கள் சிலர் காரை நிறுத்திவிட்டுத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கட்டும். ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, பார்க்க வருகிறவனுக்கு என்ன குறைச்சல். கண்ணுச்சாமி கையில் ஒயர்க்கூடை. அதற்குள் ஒரு ஜோடித் தோடு, சின்னப் பட்டுப்பாவாடை, பூ, வெற்றிலை பாக்கு. தாய்மாமன் சீர் என்றால் மேளம் முன்னால் போக, பெண்கள் ஏழெட்டுப் பேர் தட்டுத் தூக்கி வர, தெரு வேடிக்கை பார்க்க வர வேண்டியது. அவன் கொண்டுவந்த சீர் பஸ்ஸில் கால்மாட்டில் கிடந்து வந்தது. பெண்டாட்டி பஞ்சவர்ணம் முதல் நாளே சொல்லிவிட்டாள், போறதுன்னா நீங்க மட்டும் போங்க, அந்தாளு மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன் என்று. அவளால் சொல்ல முடிகிறது. அவள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

அந்தாள் என்றால் ஜெயவீரன். கண்ணுச்சாமியின் தங்கை பவுனுத்தாயின் புருஷன். பவுனு செத்து ஒன்பது வருஷமாகிறது. ஜெயவீரன் அடுத்த வருஷமே இந்திராணி என்று ஒருத்தியைக் கட்டினான். அவளுக்குப் பிறந்த பிள்ளைக்குத்தான் இன்றைக்குக் காது குத்து. இதில் கண்ணுச்சாமிக்கு என்ன வேலை என்று வேறு ஊர்க்காரன் கேட்பான். இவர்கள் வழக்கத்தில் கேட்க மாட்டார்கள். செத்துப்போன மூத்தவளின் வீடுதான் இளையவளுக்கும் தாய்வீடு. மூத்தவளின் அண்ணன் இவளுக்கும் அண்ணன், இவள் பிள்ளைக்குத் தாய்மாமன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் ஊசியை எடுப்பார்கள். எவன் கண்டுபிடித்தானோ இந்த முறையை. செத்தவள் இடத்தில் இன்னொருத்தியை வைத்து, அவளுக்கு அதே அண்ணனைக் கொடுத்து, எதுவுமே நடக்காத மாதிரி தையல் போட்டுவிடுகிறார்கள். போன மாதம் போன் வந்தது. அண்ணே, நான் வடகரைப்பாளையத்துலருந்து இந்திராணி பேசுறேன். அந்தக் குரலை அதுவரை அவன் கேட்டதே இல்லை. எனக்குக் கூடப்பொறந்த ஆம்பளைக யாரும் இல்லைண்ணே. எஸ்டேட்ல ஏலக்காய் பறிச்ச அம்மா ஒண்ணுதான், அதுவும் போயிருச்சு. முறைப்படி நீங்கதான் வரணும். மாப்ளை கூப்பிடச் சொன்னாரா என்று கேட்டான். இல்லைண்ணே, நானாத்தான் கூப்பிடுறேன், வருவீகள்ல என்றாள். கேட்ட மாதிரி இல்லை, எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசிய மாதிரி இருந்தது. வருகிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு பத்து நாள் தூக்கம் இல்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் மாட்டாய் என்று நாலு பேர் கேட்பார்கள். உன் தங்கச்சி வயித்துவலியிலதானே போனா, நீதானே சொன்னே, அப்புறம் மாப்பிள்ளை மேல உனக்கு என்ன கோவம். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறான். அன்றைக்கு அவன் சொன்ன பொய்தான் இன்றைக்கு அவனை ஒயர்க்கூடையோடு இழுத்துக்கொண்டு வந்து இங்கே நிறுத்தியிருக்கிறது.

ஆற்றங்கரை முனியாண்டி கோயிலுக்கு ரோட்டிலிருந்து பிரிந்து பந்தல்களுக்கு நடுவே போக வேண்டும். இரண்டு பக்கமும் கல்தூண், கம்பி, கம்பியில் கொடி. இலையெல்லாம் நீலம் பூத்திருந்தது. மயில்துத்தம் அடித்திருக்கிறார்கள். மழைச்சாரல் விழுந்தால் ஒரு மருந்து, வெயில் அடித்தால் ஒரு மருந்து, பூ எடுத்தால் ஒன்று, காய் பிடித்தால் ஒன்று. பிள்ளைக்குப் பால் வைக்கிறார்களோ இல்லையோ, கொடிக்கு மருந்து தவறாது. அந்த மருந்து வாடை மூக்கில் ஏறியதும் கண்ணுச்சாமி நின்றுவிட்டான். இந்த வாடைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பவுனுவைக் கிடத்தியிருந்தபோது சேலையிலிருந்து வந்தது இதே வாடைதான். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தான், நடந்தால் போய்விடுமா என்ன. அன்றைக்கு ஸ்டேஷனில் ஏட்டு தலையை நிமிர்த்தவே இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வயித்துவலிதானே என்றார். கேள்வி மாதிரி இல்லை, இந்தா பிடி என்று கொடுத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஜெயவீரனின் பெரியப்பா நின்றிருந்தார், வெள்ளை வேட்டி, விபூதி. மச்சினன் சொல்லுவாரு, அவருக்குத்தான் சின்னதுலருந்து தெரியும் என்றார். கண்ணுச்சாமி சொன்னான். ஆமா, வயித்துவலிங்க. எத்தனை வருஷமா. பெரிய மனுசி ஆனதுலருந்துங்க. அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அது அவனே போட்டது. மாசாமாசம் துடிச்சுப்போயிருவா, பாக்காத வைத்தியம் இல்லை என்று இன்னும் இரண்டு முழம் சேர்த்துக்கூடக் கொடுத்தான். ஏட்டு நிறுத்தாமல் எழுதி, அடியில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தீராத வயிற்றுவலி காரணமாக மனமுடைந்து பூச்சிமருந்து அருந்தி. மறுநாள் பேப்பரில் மூன்று வரி வந்தது, அதே வார்த்தை. அதே பக்கத்தில் வேறு இரண்டு பெண்களுக்கும் அதே வார்த்தை. இந்த ஜில்லாவில் பெண்டுகளுக்கு மட்டும் அப்படி என்னதான் வயிறோ.

பயந்துபோய்ச் சொன்னதாகத்தான் பஞ்சவர்ணத்திடம் சொல்லி வைத்திருந்தான். கேஸ் என்று போனால் வருஷக்கணக்காக இழுப்பார்கள், செத்தவள் நடத்தையைச் சந்திக்கு இழுப்பார்கள், பொழுது சாயறதுக்குள் உடம்பு கையில் கிடைக்காது. எல்லாம் நிஜம்தான். எல்லாமே சப்பைக்கட்டும்தான். உண்மையான காரணம் அவன் நெஞ்சுக்குள் மட்டும் இருந்தது, ஒன்பது வருஷமாகச் செரிக்காமல் கிடந்தது. பாலம் வந்தது. கீழே ஆறு, கலங்கல் இல்லாமல், இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர், வறண்ட சீமையில் பிறந்தவனுக்குப் பார்த்தால் நாக்கு ஊறும். இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் பவுனுவை இங்கே கொடுத்தான். தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்டீ, படியில இறங்குனா ஆறு என்று அவனே சொன்னான். கைப்பிடிச் சுவரில் கூடையை வைத்துவிட்டு நின்றான். நின்றிருக்கக் கூடாது. நின்றால் அந்த வெள்ளிக்கிழமை வந்துவிடும். வந்துவிட்டது. ஆடி மாசம், மூன்று மணி வெயில். டைம் கீப்பர் கூண்டுக்கு வெளியே ஒருத்தி வந்து நின்றாள். மஞ்சப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் பவுனு. என்னடீ, சொல்லாம கொள்ளாம. அண்ணே, நான் இனி அங்க போகலைண்ணே. அவரு கை நீட்டுறாரு. சும்மா கோவத்துல இல்லைண்ணே, கதவைச் சாத்திட்டு. ஜாக்கெட் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் காட்டினாள். அவன் பார்த்தானா? பார்த்தான். பார்த்துவிட்டு வண்டி நம்பரைக் குறிக்கிற நோட்டைப் பார்த்தான். எந்த வீட்லதான் இல்லை, ஆடி போகட்டும், நான் வந்து பேசுறேன் என்றான். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். பன்னை அவள் பிய்த்துப் பிய்த்துக் கையிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டுக்குப் போனால் பஞ்சவர்ணம் பார்ப்பாள், பக்கத்து வீடு பார்க்கும், வாழாவெட்டி என்று ஒரு வார்த்தை தெருவில் முளைக்கும். இந்த ஊர் வழியாகப் போகிற நாலு நாற்பது கம்பம் வண்டியில் திருப்பி ஏற்றிவிட்டான். தங்கச்சிய்யா, ஜன்னல் ஓரமா ஒரு சீட்டுக் கொடு என்று கண்டக்டரிடம் சொன்னான், அவ்வளவு அக்கறை. வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றது. நேரமாச்சு, எடு எடு என்று அவனே விசிலை ஊதினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தகவல் வந்தது. ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லப்போனால் அந்த நாலு நாற்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஜெயவீரனைக் காப்பாற்றவா வயிற்றுவலி என்று சொன்னான்? அவனைக் காட்டிக்கொடுத்தால் தானும் சேர்ந்து மாட்டுவோம் என்றுதான் சொன்னான்.

அதற்கப்புறம் மனசு செய்த வேலைதான் வேடிக்கை. அவள் நிஜமாகவே வயிற்றுவலிக்காரிதானோ என்று தேட ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பாதியில் திரும்பி வந்து படுத்தாளே, அது என்ன. ஓமத்தண்ணி குடித்தாளே, ஒரு பொங்கலுக்கு. அது கரும்பு தின்றதால் வந்ததோ. பஸ் ஸ்டாண்டில் பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாளே, அது வலி தாங்காமல்தானோ. சில நாள் இப்படி யோசித்து யோசித்துக் கிட்டத்தட்ட நம்பியேவிடுவான். நம்பி முடிக்கிற நேரத்தில் அந்தப் பன் ஞாபகம் வரும். மறுபடியும் முதலிலிருந்து. பையில் இரண்டு சேலை இருந்தது, அவ்வளவுதான், பிறகு பஞ்சவர்ணம் சொன்னாள், செத்த வீட்டில் அவள் பெட்டியைப் பார்த்தபோது கட்டுச்சேலை இரண்டு மஞ்சப்பையிலேயே கிடந்ததாம், எடுத்துக்கூட வைக்கவில்லையாம். எங்கே போறதுக்குக் கட்டி வச்சாளோ பாவி மக என்று அழுதாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாலத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கூடையை எடுத்துக்கொண்டு நடந்தான். மணி பத்து ஐம்பது. பதினொன்றேகாலுக்குள் குத்தியாக வேண்டும், அப்புறம் நேரம் சரியில்லையாம். எல்லாரும் நேரம் பார்க்கிறார்கள்.

கோயில் வாசலில் ஜமுக்காளம் விரித்து இருபது முப்பது பேர் இருந்தார்கள். கிடாய் வெந்துகொண்டிருந்தது. ஜெயவீரன் எழுந்து ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். வாங்க மச்சான், வரமாட்டீகளோன்னு நினைச்சேன், வந்துட்டீக, அது போதும். தலை நரைத்து, கொஞ்சம் தொப்பை போட்டு, பார்த்தால் நல்ல மனுஷனாகத்தான் இருந்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது. முகத்தில் ஏதாவது எழுதியிருக்கக் கூடாதா. கை வெதுவெதுப்பாக இருந்தது, கண்ணுச்சாமி தன் கையை உருவிக்கொள்ளவில்லை. என்ன மாமா, சீரு ஒயர்க்கூடையில வருது, அத்தை எங்கே, மேளம் எங்கே என்று யாரோ ஒரு கிழவி கேலி பேசினாள், எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மரத்தடியில் ஒரு நாற்காலி மேல் பவுனுவின் போட்டோவைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், மாலை போட்டு, முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு குலை திராட்சை. மூத்தவ இல்லாம நல்லது நடக்குமா மச்சான், எதுன்னாலும் அவளுக்கு வச்சுட்டுத்தான் என்றான் ஜெயவீரன், சரிந்திருந்த மாலையை நேராக்கிக்கொண்டே. அப்போது வந்தாள் இந்திராணி. பிள்ளை இடுப்பில். ஒல்லி, மாநிறம், முப்பது இருக்கும். வாங்கண்ணே என்று குனிந்து காலைத் தொட்டாள். சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள். மற்ற பெண்கள் எல்லாம் விசிறிக்கொண்டிருந்தார்கள். கண்ணுச்சாமி அந்தக் கையைப் பார்த்தான், உடனே திராட்சைப் பந்தலைப் பார்த்தான். இந்தத் தடவை காய்ப்பு எப்படி மாப்ளே என்று கேட்டான். முப்பத்தோரு வருஷப் பழக்கம், எதைப் பார்க்கக் கூடாதோ அது எதிரே வரும்போது நோட்டைப் பார்த்துவிடுவது.

பாப்பா பேரு என்ன என்றான். தக்ஷிதா என்றாள் இந்திராணி. அந்தப் பெயரைச் சொல்ல அந்த ஊரில் ஒருத்தருக்கும் நாக்கு வளையவில்லை, எல்லாரும் தச்சு தச்சு என்றார்கள். மூன்று வயது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். கண்ணுச்சாமி சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். ஆசாரி ஊசியைச் சந்தனத்தில் தோய்த்து வைத்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்துவிடலாம். எழுந்து, இந்தா பாருங்கப்பா, என் தங்கச்சிக்கு வயிற்றுவலி எதுவும் கிடையாது, நான் சொன்னது பொய், இந்தாள் அடித்தான், நான் திருப்பி அனுப்பினேன், இரண்டு பேரும் சேர்ந்துதான் கொன்றோம் என்று சொல்லிவிடலாம். முப்பது பேர் இருக்கிறார்கள், போட்டோகூட இருக்கிறது. சொன்னால் இந்தப் பெண் கதி என்ன, இந்தப் பிள்ளை கதி என்ன என்று மனசு உடனே ஒரு நல்ல காரணத்தைக் கொண்டுவந்து நீட்டியது. எப்போதும் ஒரு நல்ல காரணம் தயாராக வைத்திருக்கிறது, சனியன். அதற்குள் பிள்ளையை மடியில் வைத்துவிட்டார்கள். அவன் கொண்டுவந்த பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டிருந்தார்கள், சரசரத்தது. பயந்துபோய் அவன் மார்போடு ஒட்டிக்கொண்டது. யார் எவர் என்று தெரியாத ஆள் மார்பில் எப்படித்தான் அப்படி ஒட்டுகிறதுகளோ. மாமா, தலையையும் கையையும் சேத்துக் கெட்டியாப் புடிச்சுக்கங்க என்றார் ஆசாரி. பிடித்தான். ஜெயவீரன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மச்சான், இங்க பாத்துக் கொஞ்சம் சிரிங்க என்றான். சிரித்தான். வலது காதில் ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது, பெண்கள் குலவை போட்டார்கள், குலவைச் சத்தத்தில் அழுகை கேட்கக் கூடாது என்றுதான் போடுகிறார்களோ என்னவோ.

இந்திராணி சேலை முந்தியால் பிள்ளையின் முகத்தைத் துடைக்கக் குனிந்தாள். குலவை இன்னும் ஓயவில்லை. அவள் வாய் அவன் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைக்குச் சமாதானம் சொல்கிற முகத்தை மாற்றாமல் சொன்னாள், அண்ணே, எனக்கு வயித்துவலி எல்லாம் கிடையாதுண்ணே. இதுவரைக்கும் ஒருநாளும் வந்ததில்லை. உங்ககிட்ட யாரும் வந்து கேட்டா இதைச் சொல்லுங்க. கண்ணுச்சாமி அவளைப் பார்த்தான். அழவில்லை, கோபம்கூட இல்லை. ஓடையில் இறங்குகிறவள் கல்லை மிதித்துப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தாங்குமா தாங்காதா என்று. இதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். சீருக்கும் இல்லை, முறைக்கும் இல்லை. எந்த வாய் பவுனுவுக்கு வயிற்றுவலி கொடுத்ததோ அந்த வாயைத் தேடிப் பிடித்து உட்கார வைத்து முன்கூட்டியே சொல்லி வைக்கிறாள். அந்த வயிற்றுவலி பொய் என்று அவளுக்குத் தெரிகிறது. நாலு நாற்பது தெரியாது, தெரிந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டாள். அவனைவிட நல்ல ஆள் அவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். என்ன மாமா, கையை விட்டுட்டீங்களே, இன்னொரு காது இருக்குல்ல என்று ஆசாரி கத்தினார். பிள்ளை அதற்குள் மடியிலிருந்து வழுக்கிக்கொண்டு அம்மாவிடம் பாய்ந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், மாமனே பயந்துட்டாருப்பா என்றார்கள். இந்திராணி பிள்ளையைத் தூக்கி மறுபடியும் அவன் மடியில் வைத்தாள். நேரம் ஆகுது, புடிங்கண்ணே என்றாள். பிடித்தான். பிள்ளை உடம்பு கொதித்தது. கம்பத்திலிருந்து திருமங்கலத்துக்கு ஒரு நாளைக்குப் பதினேழு வண்டி. முதல் வண்டி காலை ஐந்து ஐம்பது, கடைசி வண்டி ராத்திரி பத்தே கால். இவள் எதில் வந்து இறங்குவாள் என்று தெரியாது. பிள்ளையோடு வருவாளா, தனியாக வருவாளா, தெரியாது. இனிமேல் பதினேழு வண்டியிலும் இறங்குகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்க்க வேண்டும், ஒருத்தி கூண்டுக்கு வெளியே வந்து நின்றால் நோட்டைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அதுவாவது அவனால் ஆகுமா என்று அவனுக்கே நிச்சயமில்லை. ஆசாரி இடது காதைத் தடவிப் புள்ளி வைத்தார். விடாதீங்க மாமா என்றார்.